'ஹோம்' என்னும் ஆங்கிலச் சொல்லும் 'இல்லம்' என்னும் பெயர்ப்பும்

ஆங்கிலத்தில் 'ஹவுஸ்' என்பது கட்டடம். 'ஹோம்' என்பது அக்கட்டடத்துள் வாழ்வோரின் பாசப் பிணைப்பு. ஆகவே முன்னதை 'வீடு' என்றும் பின்னதை 'இல்லம்' என்றும் தமிழில் பெயர்க்க வேண்டும். மொழிபெயர்ப்பு வகுப்புகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விதி இது. கேட்பதற்கு இனிமையாகவும் நினைவில் கொள்வதற்கு எளிமையாகவும் இருப்பதால் இவ்விதியை எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இதில் இரண்டு கூற்றுகள் அடங்கியுள்ளன. ஒன்று ஆங்கிலத்தைப் பற்றியது; அது பாதி உண்மை. மற்றொன்று தமிழைப் பற்றியது. அதற்குத் தமிழ் வழக்கில் சான்று இல்லை.

சொல்லின் மூலம்

'ஹோம்' என்பதன் பழைய ஆங்கில வடிவம் நெடிலோடு கூடிய 'ஹாம்' என்பதாகும். பழைய ஆங்கிலத்து 'ஆ'காரம் இடைக்கால ஆங்கிலத்தின் தென்பகுதி வழக்கில் 'ஓ'காரத்தை நோக்கித் திரிந்தது. 'ஸ்டான்' என்பது 'ஸ்டோன்' எனவும் 'பான்' என்பது 'போன்' எனவும் ஆனதும் இதே மாற்றத்தால்தான். வடக்கே இம்மாற்றம் பரவாமையால் ஸ்காட்லாந்து வழக்கில் இன்றும் 'ஹேம்' என்றே ஒலிக்கின்றனர். ஊர்ப்பெயர்களின் இறுதியில் அழுத்தமின்றி நின்ற 'ஹாம்' குறுகி நின்றுவிட்டது. பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் முதலியவற்றில் இதனைக் காணலாம். ஆனால் இவ்வாறு முடியும் ஊர்ப்பெயர்கள் அனைத்தும் இச்சொல்லைக் கொண்டவை அல்ல. ஆற்று வளைவுக்குள் அடங்கிய நிலத்தைக் குறிக்கும் மகரம் இரட்டித்த வேறொரு சொல்லும் அதே உருவத்தில் வந்து கலந்துவிட்டது. லண்டனில் உள்ள ஃபுல்ஹாம் அவ்வகையைச் சேர்ந்தது. எழுத்தொப்புமையைக் கண்டு பொருளொப்புமை கற்பிப்போர் இவ்விடத்தில் சறுக்குவர்.

இவ்வூர்ப்பெயர்கள் ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றன. பழைய ஆங்கிலத்தில் 'ஹாம்' ஒரு குடும்பத்தின் உறைவிடத்தை மட்டும் குறிக்கவில்லை. குடியிருப்பு, பண்ணை, ஊர் என்னும் பொருள்களையும் தந்தது. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா கோதிக் மொழியில் செய்த விவிலியப் பெயர்ப்பு இதற்கு மேலும் வலுவான சான்று. கிரேக்க மூலத்தில் சிற்றூரைக் குறிக்கும் 'கோமே' என்னும் சொல் வருமிடங்களில் அவர் இட்ட சொல் 'ஹைம்ஸ்'. இது 'ஹோம்' என்பதன் நேர் உறவுச் சொல். வீட்டைக் குறிக்க அவர் கையாண்டது 'ரஸ்ன்' என்னும் முற்றிலும் வேறான சொல். 'ஹவுஸ்' என்பதன் கோதிக் உறவோ 'குட்ஹுஸ்', அதாவது கடவுள்வீடு, கோயில், என்னும் ஒரே தொகைச்சொல்லில் ஒரே ஓரிடத்தில் மட்டும் கிடைக்கிறது. 'ரஸ்ன்' என்பதன் இனச்சொல் இன்றைய ஆங்கிலத்தில் தன் அடையாளத்தை இழந்து ஒளிந்திருக்கிறது. வாற்கோதுமை வைக்கும் வீடு என்னும் தொகையே சுருங்கி 'பார்ன்' ஆயிற்று. 'ரான்சாக்' என்பது பழைய நார்ஸ் மொழியில் வீட்டைச் சோதனையிடுதல் என்று பொருள்பட்டது.

பழைய நார்ஸ் மொழியில் 'ஹைம்ர்' இன்னும் விரிந்து உலகம் என்னும் பொருளையே ஏற்றது. பூதர் வாழும் உலகு 'யோட்டுன்ஹைம்ர்' எனப்பட்டது. ஐஸ்லாந்து மொழியில் இன்றும் 'ஹெய்முர்' என்றால் உலகம். 'ஹெய்மா' என்றால் வீட்டில். லித்துவேனிய மொழியின் 'ஷெய்மா' குடும்பத்தைக் குறிக்கிறது. ஆக ஒரே மூலத்திலிருந்து குடும்பம், வீடு, ஊர், உலகம் என நான்கு அளவுகளில் பொருள் விரிந்துள்ளது. இவற்றுள் எது முந்தியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கிடத்தல், தங்குதல் என்னும் பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய அடியே மூலம் என்பர் ஒரு சாரார். அவ்வாறாயின் வடமொழியில் படுத்தலைக் குறிக்கும் 'சேதே' என்னும் வினையும், இலத்தீனத்தில் குடிமகனைக் குறிக்கும் 'சீவிஸ்' என்னும் பெயரும், கிரேக்கத்தின் வழியே ஆங்கிலத்துக்கு வந்த 'செமெட்டரி' என்னும் இடுகாட்டுப் பெயரும் இதற்கு உறவாகும். குடியேறுதல் என்னும் பொருளுடைய மற்றோர் அடியோடு இணைப்பர் இன்னொரு சாரார். அவ்வாறாயின் 'க்ஷேத்ரம்' உறவாகும். இரண்டு அடிகளும் தொடக்கத்தில் ஒன்றே எனக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும், கட்டடம் என்னும் கருத்தும் பாசம் என்னும் கருத்தும் இம்மூலத்தில் இல்லை. ஓரிடத்தில் நிலைத்தல் என்பதே உண்டு.

பிறமொழி வழியாகச் சுற்றித் திரும்பிய உறவுகளும் உள. ஜெர்மானிய மொழியிலிருந்து பழைய பிரெஞ்சுக்குச் சென்று, சிறுமை விகுதிகள் பெற்று ஆங்கிலத்துக்குத் திரும்பியது 'ஹாம்லெட்' என்னும் சிற்றூர்ப் பெயர். பேய் ஓரிடத்தை விடாது சுற்றுவதைக் குறிக்கும் 'ஹான்ட்' என்னும் வினையும், வீட்டுக்குக் கொண்டுவருதல் என்னும் நார்ஸ் வினையிலிருந்து பிரெஞ்சின் வழியே வந்ததாகவே கருதப்படுகிறது. பேய்க்கும் வீடு உண்டு போலும்.

தமிழ் 'வீடு' இதிலிருந்து வேறுபட்ட வழியில் வந்தது. 'விடு' என்னும் வினை முதல் நீண்டு 'வீடு' ஆயிற்று. 'சுடு', 'கெடு' என்பன 'சூடு', 'கேடு' என ஆனமை போல. கன்னடத்தில் 'பீடு' பாசறையையும் தங்குமிடத்தையும் குறிக்கும். தெலுங்கில் 'வீடு' ஊரையும் பாசறையையும் குறிக்கும். தமிழிலேயே 'விடுதி' உண்டு. இவற்றை ஒருங்கே நோக்கின், பயணத்தை விட்டு இறங்கித் தங்கும் இடமே 'வீடு' என்னும் கருத்து வலுப்பெறுகிறது. பந்தம் விடுவதாகிய வீடும் இவ்வினையினின்றே பிறந்தது. பிரெஞ்சு 'மெய்ஸோன்' என்பது வழித்தங்கலைக் குறித்த இலத்தீனச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கில 'ட்வெல்' என்னும் வினை முதலில் வழிதவறச் செய்தலையும், பின்னர்த் தாமதித்தலையும், அதன்பின் தங்குதலையும் குறித்து, இறுதியில்தான் வாழ்தல் என்னும் பொருளை அடைந்தது. இவை இரண்டும் தமிழ் 'வீடு' நடந்த பாதையிலேயே நடந்தவை.

வேற்றுமையுருபு ஏலாத பெயர்

ஆங்கிலத்தில் பள்ளிக்கோ கடைக்கோ செல்வதைச் சொல்ல முன்னிடைச்சொல் தேவை. 'கோ ஹோம்' என்பதற்கு மட்டும் அது தேவையில்லை. பழைய ஆங்கிலத்தில் இப்பெயரின் இரண்டாம் வேற்றுமை வடிவம் திசை குறித்து வினையடையாக நின்றதன் எச்சமே இது. இலத்தீனத்தில் 'தோமும்' என்பது வீட்டை நோக்கி, 'தோமி' என்பது வீட்டில், முன்னிடைச்சொல் இல்லை. ரஷ்ய மொழியிலும் 'தமோய்', 'தோமா' என இரு வினையடைகள் உள. வீட்டைக் குறிக்கும் பெயர் வினையடையாக உறைந்துவிடுவது இம்மொழிக் குடும்பத்தில் பரவலான போக்கு. இப்போக்கிலிருந்தே ஆணியை இறுதிவரை அடித்து இறக்குதலையும் ஒரு கருத்தை நெஞ்சில் பதியவைத்தலையும் 'ஹோம்' என்னும் சொல்லால் ஆங்கிலம் குறிக்கிறது. சேர வேண்டிய இடத்தைச் சேர்தலே அங்குப் பொருள்.

தமிழிலும் 'வீடு திரும்பினான்', 'வீடு வந்து சேர்ந்தாள்' என உருபு தொகுகிறது என்று சுட்டி ஒப்புமை காட்டுவதுண்டு. இவ்வொப்புமை மிகைப்பட்டது. 'ஊர் திரும்பினான்', 'சென்னை வந்தான்', 'கோயில் சென்றாள்' என எத்தனையோ இடப்பெயர்களில் நான்காம் உருபு தொகும். ஆங்கிலத்தில் இச்சலுகை ஏறத்தாழ 'ஹோம்' ஒன்றுக்கே உரியது.

உண்மையான ஒப்புமை வேறிடத்தில் உள்ளது. 'ஹி வென்ட் ஹோம்' என்றால் எழுவாயின் சொந்த வீடு என்பது சொல்லாமலே பெறப்படும். 'முருகன் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போனான்' என்னும் தமிழ்த் தொடரிலும் அவ்வாறே. உடைமைச் சொல் இன்றி வரும் 'வீடு' தன் வீட்டையே குறிக்கும். அப்படியிருந்தும் பல பெயர்ப்புகளில் 'தன்னுடைய வீட்டுக்குப் போனான்' என்று காணப்படுகிறது. இது மிகை. 'அவன் வீட்டுக்குப் போனான்' என எழுதின் ஐயம் பிறக்கும். போனவன் 'அவன்' என்பவனா, அல்லது வேறொருவன் 'அவனுடைய' வீட்டுக்குப் போனானா என்பது தொடரிலிருந்து தெளியாது. எழுவாயாகவும் உருபு தொக்க உடைமையாகவும் நிற்க வல்ல பெயர் 'வீடு' என்பதன் முன் வருமிடமெல்லாம் பெயர்ப்பாளர் நின்று பார்க்க வேண்டும்.

'இல்லம்' எங்கே வழங்குகிறது?

'ஹோம்' இடம்பெறும் ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழர் தாமாகவே கண்ட பெயர்ப்புகளை நோக்குக. 'ஹோம் டவுன்' சொந்த ஊர், 'ஹோம்கார்ட்' ஊர்க்காவல் படை, 'ஹோம்ஒர்க்' வீட்டுப்பாடம், 'ஹோம் ரெமடி' கைவைத்தியம், 'ஹோம்லேண்ட்' தாயகம், 'ஹோம் ரூல்' தன்னாட்சி, 'ஹோம் சயன்ஸ்' மனையியல். கிரிக்கெட் செய்தி எழுதுவோர் 'சொந்த மண்ணில்' என்பர். கணினியில் 'ஹோம்பேஜ்' முகப்புப் பக்கம் ஆயிற்று. 'ஹோம் மினிஸ்டர்' உள்துறை அமைச்சர். இந்தியில் இதனைச் சொல்லுக்குச் சொல் 'கிருஹ' என்று பெயர்த்தனர். தமிழ் பொருளை நோக்கிப் பெயர்த்தது. பிரிட்டனில் 1782இல் அயலுறவுக்கு ஒரு செயலரும் உள்நாட்டுக்கு ஒரு செயலரும் எனப் பணி பிரிக்கப்பட்டபோது எழுந்த துறைப்பெயர் அது. அங்கு 'ஹோம்' என்பது வெளிக்கு எதிரான உள். ஆகவே தமிழ்ப் பெயர்ப்பே செம்மையானது.

இப்பட்டியலில் 'இல்லம்' ஓரிடத்தும் இல்லை. ஊர், வீடு, கை, தாய், தன், மனை, மண், முகப்பு, உள் என ஒன்பது வேர்களுக்குள் பொருள் பகிர்ந்து கிடக்கிறது. கோதிக்கிலும் நார்ஸிலும் கண்ட விரிவை நினைவிற் கொள்வார்க்கு இது வியப்பளிக்காது.

'இல்லம்' வழங்கும் இடங்கள் வேறு. பிறர் வீட்டை உயர்த்திச் சொல்லும் 'தங்கள் இல்லத்திற்கு' என்னும் மடல்நடையில் அது வரும். திருமண அழைப்பிதழில் வரும். வாயில் நிலையில் பதித்த பெயர்ப்பலகையில் வரும். தலைவர்களும் புலவர்களும் பிறந்து வாழ்ந்த, இன்று எவரும் குடியிராத 'நினைவு இல்ல'த்தில் வரும். முதியோர் இல்லம், ஆதரவற்றோர் இல்லம் என நிறுவனங்களின் பெயரில் வரும். பேச்சில் எவரும் 'இல்லத்துக்குப் போகிறேன்' என்பதில்லை. சொன்னால் மேடைப்பேச்சு என்றோ கேலி என்றோ கொள்ளப்படும். மலையாளத்தில் 'இல்லம்' நம்பூதிரியின் வீட்டைக் குறித்தது. அங்கும் அது அனைவர்க்கும் பொதுவான அணுக்கச் சொல் அன்று. 'ஹோம்' என்பது ஆங்கிலத்தில் மிகப் பழகிய நடைக்குரிய சொல்; குழந்தை முதலில் கற்கும் சொற்களுள் ஒன்று. 'இல்லம்' தமிழில் தொலைவையும் மதிப்பையும் காட்டும் சொல். எனவே இவ்விரண்டையும் ஈடாக்குவோர் பொருளை அணுகுவதற்குப் பதிலாக நடையைத் தலைகீழாக்குகின்றனர். புதினத்தில் அழும் சிறுவன் 'இல்லத்திற்குச் செல்ல வேண்டும்' என்று பேசும் அவலம் இதனால் விளைவதே.

நிறுவனப் பெயரில் மட்டும் இவ்விரு சொற்களும் உண்மையாகவே சந்திக்கின்றன. இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்தின் பெயரோடு இணைத்து நினைக்கப்படும் விடுதி 'ஒர்க்ஹவுஸ்'. பின்னர் எழுந்த பல காப்பகங்கள் 'ஹவுஸ்' என்பதை விடுத்து 'ஹோம்' என்னும் பெயரைச் சூடின. மங்கல வழக்கு என்று இலக்கணத்தார் கூறும் நெறியே இது. தமிழில் இளஞ்சிறார் வைக்கப்படும் 'அப்சர்வேஷன் ஹோம்' கூர்நோக்கு இல்லம் எனப்படுகிறது.

'ஹோம் என்றால் இல்லம்' என்னும் விதி வெறும் நடைச்சிக்கலாக மட்டும் நில்லாத இடம் இதுவே. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, குற்றம் புரிந்ததாகக் காணப்பட்ட சிறுவர் குறித்து வாரியம் பிறப்பிக்கக்கூடிய ஆணைகளை வரிசைப்படுத்துகிறது. முதலாவது, அறிவுரையோ கண்டிப்போ கூறிச் சிறுவனை 'ஹோம்' செல்ல விடுதல். இறுதியாக வருவது, அவனை 'ஸ்பெஷல் ஹோம்' ஒன்றுக்கு அனுப்புதல். ஒரே பிரிவில் ஒரே சொல் விடுதலைக்கும் காவலுக்கும் நிற்கிறது. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது இலக்கணம். முன்னதில் சொல் சார்பெழுத்தும் முன்னிடைச்சொல்லும் இன்றி வினையடையாக நிற்கிறது; பின்னதில் சார்பெழுத்தும் முன்னிடைச்சொல்லும் ஏற்றுப் பெயராக நிற்கிறது. தமிழில் அவ்விலக்கண வேறுபாடு இல்லை. நான்காம் உருபு இரண்டுக்கும் பொது. ஆகவே வேறுபாட்டைச் சொல்லே தாங்க வேண்டும். வீட்டுக்குச் செல்ல விடுதல் என்றும் சிறப்பு இல்லத்துக்கு அனுப்புதல் என்றும் எழுதினால் ஐயமில்லை. வகுப்பில் கற்ற விதியைப் பின்பற்றி முன்னதையும் 'இல்லத்திற்குச் செல்ல அனுமதித்தல்' என எழுதினால், விடுவிக்கும் ஆணை அடைக்கும் ஆணையாக வாசிக்கப்படக் கூடும். கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் சிறுவன் கேட்பது 'வீட்டுக்குப் போகணும்' என்பதையே. அவன் பேச்சில் 'இல்லம்' எது, 'வீடு' எது என்பதில் குழப்பமில்லை.

எவர் வீடு?

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலேயருக்கு 'ஹோம்' என்றால் இங்கிலாந்து. யூல், பர்னெல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இப்பொருளைத் தனிப் பதிவாகவே கொடுத்துள்ளது. இந்தியாவிலேயே பிறந்து அந்நாட்டைக் கண்டிராதோரும் அதனை 'ஹோம்' என்றனர். இந்தியாவின் வருவாயிலிருந்து இங்கிலாந்தில் செலவிடப்பட்ட தொகைகள் 'ஹோம் சார்ஜஸ்' எனப்பட்டன. எவருடைய 'ஹோம்' என்று கேட்கப் பெயரில் இடமில்லை. அதே நாட்டைத் தமிழர் 'சீமை' என்றனர். எல்லையைக் குறித்த வடசொல் நிலப்பகுதியைக் குறித்து, பின்னர் அயல்நாட்டைக் குறித்தது. அக்காலப் புதினம் ஒன்றில் வெள்ளைக்கார அதிகாரி 'ஹோம்' செல்லும் செய்தியைப் பெயர்ப்போர், வேலையாளின் வாயில் 'சீமைக்குப் போறார்' என்று சொல்லவைக்கலாம். அதிகாரியின் வாயில் வைத்தால் அவர் தம் நாட்டையே அயலாகப் பார்த்தவராவார். அங்குத் 'தாயகம்' பொருந்தும், வீடு பொருந்தாது.

பெண்ணைப் பற்றிய தொடரில் இவ்வினா இன்னும் கூர்மையடைகிறது. மணமான பெண் 'ஹோம்' சென்றாள் என்று ஆங்கிலம் எளிதில் சொல்லிவிடும். தமிழுக்கு அவளுக்கு இரண்டு வீடு. பிறந்த வீடா, புகுந்த வீடா என்பது தெரிந்தால்தான் தொடர் முடியும். தமிழ்ப் புதினங்களை ஆங்கிலமாக்குவோர் 'பிறந்தகம்' என்பதையும் 'ஹோம்' என்றே எழுதும்போது, அவள் எந்த வீட்டில் விருந்தாளி என்னும் செய்தி அழிந்துவிடுகிறது.

இவ்வகையில் இப்சனின் 1879ஆம் ஆண்டு நாடகம் பெயர்ப்பாளர்க்குரிய சிறந்த பாடம். மூலத் தலைப்பின் சொல் 'டுக்கெயெம்'. இதன் பிற்பகுதி 'ஹோம்' என்பதன் இனச்சொல்; எழுத்தில் உள்ள முதல் ஹகரம் பேச்சில் ஒலிப்பதில்லை. குழந்தைகள் விளையாடும் பொம்மை வீட்டுக்கு அம்மொழியில் 'ஹுஸ்' என முடியும் வேறு சொல் இருந்தும் இப்சன் அதனை ஆளவில்லை. வில்லியம் ஆர்ச்சரின் பெயர்ப்பில் 1889இல் லண்டனில் நாடகம் மேடையேறியபோது தலைப்பில் 'ஹவுஸ்' நின்றது. ரோல்ஃப் ஃபியெல்டே 1965இல் ஆறாம் வேற்றுமையை நீக்கி வெளியிட்ட தலைப்பிலும் 'ஹவுஸ்' மாறவில்லை. இரு சொற்களையும் உடைய ஆங்கிலம் தவறியதை, ஒரு சொல்லே உடைய தமிழ் 'பொம்மை வீடு' என்று அறியாமலே சரிசெய்துவிட்டது. 'பொம்மை இல்லம்' எனத் திருத்த முற்படுவோர் இதனைக் கெடுப்பர்.

மூன்றாம் அங்கத்தின் இறுதிப் பகுதியில் கணவனை விட்டுப் புறப்படும் நோரா, மறுநாள் 'யெம்' செல்வதாகச் சொல்லி, உடனே தன்னைத் திருத்திக்கொண்டு, தன் பழைய 'யெம்ஸ்டெட்' செல்வதாகச் சொல்கிறாள். இரண்டாவது சொல் ஆங்கில 'ஹோம்ஸ்டெட்' என்பதற்கும், லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் என்னும் பகுதிப் பெயருக்கும் உறுப்புக்கு உறுப்பு ஒத்தது. எட்டு ஆண்டுகள் வாழ்ந்த இடத்திலேயே நின்றுகொண்டு, போகும் இடத்துக்கு அவள் வாய் முதலில் தரும் பெயர் 'யெம்'. அடுத்த கணமே அச்சொல்லை வெறும் இடப்பெயராகக் குறைத்துக்கொள்கிறாள். ஆங்கிலப் பெயர்ப்புகளில் 'ஹோம்', 'ஓல்ட் ஹோம்' என இரு முறையும் ஒரே சொல் வருவதால் இத்தடுமாற்றம் மங்கிவிடுகிறது. தமிழில் இதற்கு வழி உண்டு. முதலில் 'வீட்டுக்கு' என்று சொல்லவைத்து, 'அதாவது, நான் பிறந்து வளர்ந்த ஊருக்கு' என்று திருத்தவைக்கலாம். அவள் தந்தை முன்பே இறந்துவிட்டார். ஆகவே 'பிறந்த வீடு' என்று தமிழ் வழக்குக்காகப் போட்டுவிடுதல் இங்குப் பிழையாகும்.